ஹாரிஸ் கவுன்டிக்குக் குடிவரும் முன்

அமெரிக்காவின் ஹாரிஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தருவது என் வேலையின் ஒரு பகுதி. காப்பீடு இல்லாதவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஒரு தொண்டு அமைப்பில் நிதி விண்ணப்பங்கள் தயாரிக்கிறேன். எந்த அறக்கட்டளையிடம் பணம் கேட்டாலும் முதலில் அவர்கள் கேட்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான். எத்தனை பேர், என்ன வயது, என்ன வருமானம், வீட்டில் என்ன மொழி, எத்தனை பேருக்குக் காப்பீடு இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் இவை அனைத்தும் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். ஆனால் அந்த எண்களை மட்டும் நம்பி இங்கே வீடு பார்த்தால், பள்ளி தேர்ந்தெடுத்தால், மழைக்காலத்துக்குத் தயாரானால் பெரிய இழப்பில் முடியும். வேலை மாறி ஹூஸ்டனுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே தொகுக்கிறேன்.

முதலில் அளவு. டெக்சாஸின் தென்கிழக்கில், ஹூஸ்டன் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட இந்தக் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 47,31,145 பேர். 2000-இல் 34 லட்சம், 2010-இல் 40 லட்சத்து 92 ஆயிரம். அமெரிக்காவில் இதைவிட மக்கள் அதிகமுள்ள கவுன்டிகள் லாஸ் ஏஞ்சலிஸும், சிகாகோ இருக்கும் குக்கும் மட்டுமே. பக்கத்து மாநிலமான லூசியானா முழுவதிலும் ஹாரிஸைவிடக் குறைவான மக்களே இருக்கிறார்கள். நிலப்பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சி எல்லையைப் போல் பத்து மடங்கு. வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தென்கிழக்கில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்கு நெரிசல் இல்லாத ஞாயிறு காலையில்கூட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஹாரிஸில் வாடகை எவ்வளவு, ஹாரிஸில் வெள்ளம் வருமா என்று யாராவது கேட்டால், எந்த மூலையில் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இனவாரியாகப் பார்த்தால் 43 சதவிகிதம் ஹிஸ்பானிக் எனப்படும் ஸ்பானிஷ் மொழி நாடுகளின் வம்சாவளியினர், 28 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவாக வெள்ளையர், ஏறத்தாழ 19 சதவிகிதம் கறுப்பினத்தவர், 7 சதவிகிதம் ஆசியர். எந்தப் பிரிவுக்கும் பெரும்பான்மை இல்லை. நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர். பத்தில் நாலு பேருக்கு மேல் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறார்கள். வாக்குச் சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமியம், சீனம் என நான்கு மொழிகளில் தரப்படுகிறது. தேர்தல் நாளில் நூலக வாசலில் அந்த நான்கு மொழி அறிவிப்புப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஊர்மேல் எனக்குப் பிரியம் கூடுகிறது.

ஆனால் இந்தப் பிரிவுகளுக்கு உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். ஒரு நிதி அமைப்பு எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஆசியர்களின் குடும்ப வருமானம் கவுன்டி அளவைவிட நன்றாகவே இருக்கிறதே, அவர்களுக்கு எதற்கு இலவச மருத்துவம்?" என்று கேட்டது. கேள்வியில் தவறில்லை, அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எங்கள் மருத்துவர்களிடம் வரும் ஆசியர்களில் பெரும்பாலோர் வயதான வியட்நாமியர்கள். 1975-இல் சைகோன் வீழ்ந்த பிறகு அகதிகளாக வந்து, இறால் படகிலும் நகப்பூச்சுக் கடையிலும் உடம்பு தேய உழைத்தவர்கள். ஏலீஃப் பகுதியில் சிறிய அடுக்கக வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களையும், மேற்கே எண்ணெய் நிறுவனங்களில் பொறியாளர்களாக இருக்கும் நம்மவர்களையும் ஆசியர் என்ற ஒரே பெட்டியில் போட்டால் வரும் சராசரி இருவரையும் மறைத்துவிடும். பூர்வீக நாட்டின்படி பிரித்த அட்டவணைகளும் அதே தளத்தில் உண்டு. அவற்றை எடுத்து இணைத்த பிறகுதான் அந்த நிதி கிடைத்தது. ஹிஸ்பானிக் என்ற பெட்டியும் இப்படியே. நான்கு தலைமுறையாக ஹூஸ்டனில் இருக்கும் மெக்சிகோ வம்சாவளியினரும், போன வருடம் ஹோண்டுராஸிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியும் அதற்குள் ஒன்றாக இருக்கிறார்கள்.

வருமானமும் அப்படியே. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 70,000 டாலரை ஒட்டி இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ ஆறில் ஒருவர். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஒரு தெருவைக்கூட விளங்கிக்கொள்ள முடியாது. ஐ-10 நெடுஞ்சாலைக்குத் தெற்கே மெமோரியல் பகுதியில் சிறு சிறு தனி நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு அட்டவணையில் வருமானம் 2,50,000+ என்று மட்டும் போட்டிருக்கும். அதற்கு மேல் கணக்கெடுப்புத் துறை துல்லியமாகச் சொல்வதில்லை. அதே நெடுஞ்சாலையின் வடபுறம் ஸ்பிரிங் பிராஞ்சில் இரண்டு மூன்று வேலை பார்த்து வாடகை கட்டும் குடும்பங்கள். இடையில் இருப்பது ஒரு சாலைதான், பள்ளி மாவட்டம்கூட ஒன்றே.

ஆகவே கவுன்டி அளவிலான எண்ணை விட்டுவிட்டு, கணக்கெடுப்பு வட்டம் வரை இறங்கிப் பாருங்கள். சுமார் 4,000 பேர் கொண்ட சிறு பகுதி அது. ஹாரிஸில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் வீட்டின் முகவரியை இட்டால் எந்த வட்டம் என்று தளமே சொல்லிவிடும். அங்கே வாடகைக்கு இருப்போர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லாமே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். சிறிய பகுதிகளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பிழை வரம்பு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பார்க்காமல் விடக் கூடாது. வருமானம் 60,000, பிழை வரம்பு 18,000 என்று இருந்தால் அந்த வட்டத்தைப் பக்கத்து வட்டத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை.

சிறிய பகுதிகளின் புள்ளிவிவரங்களில் இன்னொன்றும் உண்டு. அவை ஐந்து வருடத் தகவல்களைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டவை. அமைதியான ஊர்களுக்கு இது பொருந்தும். எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் ஹூஸ்டனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 1982-க்கும் 1987-க்கும் இடையில் இந்த வட்டாரம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளை இழந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஸ்டீபன் கிளைன்பெர்க் இந்தப் பகுதி மக்களின் கருத்துகளை ஆண்டுதோறும் கேட்டுப் பதியத் தொடங்கியது 1982-இல்தான். வளர்ச்சியை ஆராயத் தொடங்கியவரின் கண்முன்னே சரிவு வந்தது. அந்த ஆய்வு பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால், தங்கள் ஊரைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஹாரிஸில் இருக்கும் அளவுக்கு நீண்ட பதிவு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அடுத்து 2014-இல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று எதிர்கால ஒப்பந்தச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.

அந்த இரண்டு சரிவுகளையும் எங்கள் குடியிருப்பில் நேராகப் பார்த்தேன். வாசலில் விற்பனைப் பலகைகள் முளைத்தன. ஹெச்-1பி விசாவில் இருந்த ஓர் இளம் குடும்பம் அறுபது நாள் அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டிய நிலை. கணவன், மனைவி இருவருமே எண்ணெய்த் துறை. அன்று முதல் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: இருவரில் ஒருவராவது வேறு துறையில் இருக்கப் பாருங்கள். டெக்சாஸ் மெடிக்கல் சென்டரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள், உலகிலேயே பெரிய மருத்துவ வளாகம் அது. 1914-இல் திறக்கப்பட்ட கப்பல் கால்வாயையும் துறைமுகத்தையும் சுற்றிச் சரக்குப் போக்குவரத்து வேலைகள் இருக்கின்றன. பள்ளி மாவட்டங்களும் பெரிய முதலாளிகளே. வீட்டுக் கடன் வாங்கும்போது ஒரு சம்பளத்தில் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுச் சராசரி வேலையின்மை எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், ஏற்றமும் இறக்கமும் அதில் கரைந்து சமதளமாகத் தெரியும்.

அடுத்தது எல்லைக்கோடுகள். புதிதாக வந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, முகவரியில் ஹூஸ்டன் என்றுதான் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிச் சேவை எண்ணான 311-க்கு அழைத்தால் நீங்கள் ஹூஸ்டனில் இல்லை என்கிறார்களே?" அஞ்சல் துறை எழுதும் ஊர்ப்பெயர் வேறு, நகராட்சி எல்லை வேறு. ஹாரிஸ் மக்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் எந்த நகராட்சிக்கும் உட்படாத பகுதிகளில் வாழ்கிறார்கள். அதை ஒரு நகரமாக அறிவித்தால் அமெரிக்காவின் மிகப் பெரிய நகரங்களின் வரிசையில் போய் உட்காரும். சைப்ரஸ், ஸ்பிரிங், கேட்டிக்கு வெளியே விரியும் குடியிருப்புகள் எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. நமக்கு மேயர் இல்லை, நகரமன்றம் இல்லை. காவலுக்கு ஷெரிஃபும் கான்ஸ்டபிளும். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் மட் எனப்படும் நீர்வசதி மாவட்டம். தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் அவசரசேவை மாவட்டம். தெரு ஒழுங்கு, புல் உயரம், வேலியின் நிறம் ஆகியவற்றை வீட்டு உரிமையாளர் சங்கம் பார்த்துக்கொள்கிறது.

கவுன்டியை ஆள்வது கமிஷனர்ஸ் கோர்ட். பெயர் அப்படி இருந்தாலும் அது நீதிமன்றம் இல்லை, நிர்வாக சபை. கவுன்டி ஜட்ஜ் ஒருவர், கமிஷனர்கள் நால்வர். 47 லட்சம் பேருக்கு நான்கு கமிஷனர்கள் என்றால் ஒருவருக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் தொகுதியைப் போல் பல மடங்கு. 2018 தேர்தலில் வென்று 2019 ஜனவரியில் பொறுப்பேற்றபோது கவுன்டி ஜட்ஜ் லீனா ஹிடால்கோவுக்கு வயது 27, பிறந்தது கொலம்பியாவில். சபைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்து பேசலாம். எங்கள் அமைப்பின் சார்பில் நானும் பேசியிருக்கிறேன், கேட்கிறார்கள். ஆனாலும் உங்கள் தினசரி வாழ்க்கையை அதிகம் தொடுவது மட் குழுதான். அதன் இயக்குநர்களும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். அந்தத் தேர்தலில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளே விழுகின்றன. கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவை. குடியுரிமை பெற்ற நண்பர்கள் அதிபர் தேர்தலில் காட்டும் ஆர்வத்தில் கால்பங்கை இங்கே காட்டினாலும் தண்ணீர்க் கட்டணம் முதல் வடிகால் வரை பேசித் தீர்க்கலாம்.

இந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தெரியும் இடம் சொத்து வரி ரசீது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று மகிழ்ந்து வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கவுன்டிக்கு ஒரு வரி, வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்துக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று, பொது மருத்துவமனை மாவட்டத்துக்கு ஒன்று, பள்ளி மாவட்டத்துக்கு எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று, சமுதாயக் கல்லூரிக்கு, அவசரசேவைக்கு, மட்டுக்கு என்று நீளும். கூட்டினால் வீட்டு மதிப்பில் 2 சதவிகிதத்தைத் தாண்டும். புதிய குடியிருப்புகளில் 3-ஐ நெருங்கும், ஏனென்றால் கட்டுமான நிறுவனம் போட்ட குழாய்களுக்கும் வடிகால்களுக்கும் ஆன கடனை மட் பத்திரங்கள் வழியாக நாம்தான் அடைக்கிறோம். பழைய குடியிருப்புகளில் கடன் தேயத் தேய மட் விகிதம் குறையும். அதனால் ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளுக்கு மாதத் தவணையில் சில நூறு டாலர் வித்தியாசம் வரும். வீட்டைப் பார்க்கும் அன்றே அந்த முகவரிக்கு எந்தெந்த வரி அமைப்புகள் என்று சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள்.

புதிதாகக் கட்டும் வீட்டை வாங்குவோருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. மதிப்பீடு ஜனவரி 1 அன்று உள்ள நிலையைக் கொண்டு செய்யப்படுகிறது. அன்று வெறும் மனையாகவோ பாதிக் கட்டடமாகவோ இருந்தால் முதல் வருட வரி மிகக் குறைவாக வரும். சொத்து வரியையும் மாதத் தவணையோடு சேர்த்து வசூலிக்கும் வங்கி அதை வைத்துத் தவணை நிர்ணயிக்கும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வந்ததும் தவணை திடீரென உயரும், கூடவே முந்தைய பற்றாக்குறையையும் கட்டச் சொல்வார்கள். எங்கள் தெருவில் இதில் திணறாத குடும்பம் குறைவு. முதல் வருடம் மிச்சமாகும் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் தப்பிக்கலாம்.

குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்குக்கு உடனே விண்ணப்பியுங்கள். பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கப்படும் இந்த விலக்கு 2023-இல் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. அதோடு, வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏறாமலும் அது காக்கும். அடையாள அட்டையில் உள்ள முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மதிப்பீட்டுக் கடிதம் வந்ததும் மே 15-க்குள், அல்லது கடிதத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள், எது பின்னால் வருகிறதோ அதற்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். வருடாவருடம் நான் செய்கிறேன். விரிசல் விட்ட அடித்தளம், பழைய கூரை இவற்றின் படங்களும், பழுது நீக்க ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டுத் தாளும் அக்கம்பக்கத்து ஒத்த வீடுகளின் மதிப்பும் கையில் இருந்தால் போதும். விற்பனை விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் இல்லாததால், ஆதாரத்தோடு பேசுகிறவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இப்போது வெள்ளம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்வேன். இந்த நிலம் தட்டையானது, களிமண், தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். பயூ எனப்படும் சோம்பலான சிற்றாறுகள் வழியாகத் தண்ணீர் கிழக்கே வடிந்து கால்வெஸ்டன் விரிகுடாவை அடைய வேண்டும். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு 1937-இல் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் உருவானது. நகரத்தைக் காக்க மேற்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்ற இரண்டு அணைக்கட்டுகள் 1940-களில் கட்டப்பட்டன. சாதாரண நாள்களில் அவற்றில் தண்ணீர் நிற்காது, பூங்காவும் விளையாட்டுத் திடலுமாக இருக்கும். அதைச் சுற்றிக் குடியிருப்புகள் வளர்ந்தன. 2017 ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயல் நான்கு நாள் நகராமல் பெய்தபோது அணைக்குப் பின்னால் இருந்த வீடுகளுக்குள் நீர்த்தேக்கம் நிரம்பிப் பின்னோக்கி ஏறியது. முன்னால் பஃபலோ பயூவை ஒட்டிய வீடுகள் திறந்துவிட்ட நீரில் மூழ்கின. கவுன்டி முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் பெரும்பாலானவை நூறாண்டு வெள்ள எல்லை என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்தவை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் வீடு அதில் ஒன்று. காப்பீடு எடுக்கவில்லை, வரைபடத்தில் அவர் தெரு வெள்ள எல்லைக்கு வெளியே வெள்ளைநிறப் பகுதியில் இருந்தது, கடன் கொடுத்த வங்கியும் கேட்கவில்லை. அவர் வீட்டுச் சுவர்ப் பலகைகளை இடுப்பளவுக்கு அறுத்து வெளியே குவித்தபோது உதவிக்குப் போனேன். அந்தத் தெரு நெடுக நனைந்த மெத்தைகளும் குழந்தைகளின் புத்தகங்களும் குவியல் குவியலாகக் கிடந்தன. இத்தனை பேரின் வாழ்நாள் சேமிப்பு ஒரு வாரத்தில் குப்பையானதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஹார்வி வந்து சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 25 அன்று, 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புப் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். வடிகால் அகலப்படுத்துவதும் மழைநீர்த் தேக்கக் குளங்கள் வெட்டுவதும் நடந்து வருகின்றன. அதனால் உங்கள் வீடு தப்பிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வரைபட எல்லைக்கு வெளியே இருந்தாலும் வெள்ளக் காப்பீடு எடுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பொருந்தாது. மத்திய அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உடைமைகளுக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். பொதுவாக எடுத்த முப்பது நாளுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும், புயல் பெயர் தொலைக்காட்சியில் வந்த பின் வாங்கிப் பயனில்லை. 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸ் சட்டப்படி, வீட்டை விற்பவர் முன்பு தண்ணீர் புகுந்ததா, அணையின் நீர்ப்பிடிப்புக்குள் வீடு இருக்கிறதா என்பதையெல்லாம் தனக்குத் தெரிந்தவரை எழுதித் தர வேண்டும். 2022 முதல் வாடகைக்கு விடுபவரும் கடந்த ஐந்து வருடத்தில் வெள்ளச் சேதம் இருந்ததா என்று சொல்ல வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அக்கம்பக்கத்தில் வெகுநாள் இருப்பவரின் கதவைத் தட்டி, "2017-இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். அந்த வருடத்தைச் சொன்னால் போதும், எல்லோரும் நின்று பதில் சொல்வார்கள். பெருமழை பெய்யும் நாளில் வீட்டைப் போய்ப் பார்ப்பது பல அறிக்கைகளுக்குச் சமம். குடிவந்த பிறகு, வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தின் எச்சரிக்கைத் தளத்தில் உங்கள் பக்கத்துப் பயூவின் அளவுமானியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நீர்மட்டம் உடனுக்குடன் தெரியும்.

மருத்துவத்தைப் பற்றி என்னால் நிறைய எழுத முடியும், தேவையானதை மட்டும் சொல்கிறேன். டெக்சாஸ் மாநிலம் ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவுபடுத்தவில்லை. ஹாரிஸில் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் நாட்டின் பெரிய கவுன்டிகளில் மிக அதிகமானவற்றில் ஒன்று. அவர்களைத் தாங்குவது வரிப்பணத்தில் இயங்கும் ஹாரிஸ் ஹெல்த். பென் டாப், எல்.பி.ஜே. என்ற இரண்டு மருத்துவமனைகளும் பல மருத்துவ நிலையங்களும் அதற்கு உண்டு. 2023 நவம்பரில் எல்.பி.ஜே.யைப் புதிதாகக் கட்ட 250 கோடி டாலர் பத்திரங்களுக்கு மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். வருமானத்துக்கு ஏற்ற கட்டணச் சலுகை ஹாரிஸ் கவுன்டியில் வசிப்பவர்களுக்குத்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில் வீடு இருந்தால் கிடைக்காது. பெற்றோரைக் கிரீன் கார்டில் அழைத்து வருபவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முதல் ஐந்து வருடம் அவர்களால் மெடிகேர் எனப்படும் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் சேர முடியாது, அரசின் இணையச் சந்தையில் விற்கும் தனியார் காப்பீடுதான் வாங்க வேண்டியிருக்கும். ஊரிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வந்த பிறகு இதற்காக அலையும் பிள்ளைகளை எங்கள் மேசைக்கு எதிரில் அடிக்கடி பார்க்கிறேன்.

பள்ளி: கவுன்டியில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அவற்றின் எல்லை நகராட்சி எல்லையோடும் கவுன்டி எல்லையோடும் ஒத்துப்போவதில்லை. முகவரியைக் கொண்டு பள்ளி வரை சரிபாருங்கள். போக்குவரத்து: கார் இல்லாமல் புறப்பகுதியில் வாழ்வது கடினம், சுங்கச் சாலைக் கட்டணத்தையும் மாதச் செலவில் சேருங்கள்.

தமிழர்கள் வசிப்பது ஹாரிஸில் மட்டும் இல்லை. மீனாட்சி அம்மன் கோயில் இருக்கும் பேர்லேண்ட் பிரசோரியா கவுன்டியில் வருகிறது. சுகர்லேண்டும் மிசூரி சிட்டியும் பெரும்பாலும் ஃபோர்ட் பெண்டில். ஹில்கிராஃப்ட் சாலையில், 2010-இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் பெற்ற கடைவீதி ஹாரிஸில். வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை கடை, ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று மூன்று கவுன்டிகளைத் தாண்டுகிறோம். அதனால் ஹாரிஸின் அட்டவணையில் நம்மவர்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.

குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நாம் சரிசெய்யலாம். 2020 கணக்கெடுப்பில் டெக்சாஸில் ஏறத்தாழ 2 சதவிகிதம் பேர் விடுபட்டார்கள் என்று கணக்கெடுப்புத் துறையே பிறகு நடத்திய சரிபார்ப்பு காட்டியது. மருத்துவ நிலையம், பள்ளி மதிய உணவு, சாலை என்று எல்லாவற்றுக்கும் நிதி இந்த எண்களைப் பார்த்தே வருகிறது. பத்தாண்டுக் கணக்கெடுப்புக்கு இடையில், ஒவ்வொரு வருடமும் நாடு முழுவதும் 35 லட்சம் முகவரிகளுக்கு அமெரிக்கச் சமூக ஆய்வின் நீண்ட கேள்வித்தாள் போகிறது. அந்த உறை வந்ததும் மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது சட்டப்படி நிரப்ப வேண்டிய ஒன்று, குடியேற்றத் துறைக்கோ வரித் துறைக்கோ தனிப்பட்ட பதில்களைக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. சந்தேகமாக இருந்தால் துறையின் வட்டார அலுவலகத்தை அழைத்துக் கேட்கலாம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்விக்கு எதிரில் வெறும் கட்டம் இருக்கும், இந்தியம் என்றோ இந்தி என்றோ எழுதாமல் தமிழ் என்று எழுதுங்கள். பாட்டி தாத்தா உங்களோடு நிரந்தரமாக இருந்தால் அவர்களையும் சேருங்கள், போன மாதம் பிறந்த குழந்தையையும் சேருங்கள். விடுபடுகிறவர்களில் சிறு குழந்தைகளே அதிகம்.